க்யூ இருக்கிறது, யூ இல்லை: எழுத்தை வைத்து ஆங்கிலச் சொல் தேடுவது எப்படி?

ஸ்கிராபிள் பலகை முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். கையில் ஏழு எழுத்துக் காய்கள், அவற்றைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்க வேண்டும். அதில் ஒன்று க்யூ. யூ இல்லை. பலகையிலும் யூ கண்ணில் படவில்லை. இந்த நேரத்தில் மனம் 'குவீன், குவிக், குவெஸ்ச்சன்' என்று தெரிந்த சொற்களையே செக்குமாடு மாதிரி சுற்றி வரும். அத்தனைக்கும் யூ வேண்டும். ஐந்து நிமிடம் போனதும் 'நமக்கு ஆங்கிலம் அவ்வளவுதான்' என்று அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிடுவோம்.

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். விளையாடி விளையாடித்தான் புரிந்தது. சொல் தெரிந்திருப்பது ஒரு வேலை. தெரிந்த சொல்லை எழுத்தைப் பிடித்து வெளியே இழுப்பது வேறொரு வேலை. இரண்டாவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும்.

நாம் சொற்களை மனத்தில் வைத்திருப்பது பொருளை வைத்தும் ஓசையை வைத்தும்தான். தண்ணீர் தொடர்பான ஆங்கிலச் சொல் பத்து சொல்லச் சொன்னால் மளமளவென்று வரும். மூன்றாவது எழுத்து 'வி'யாக இருக்கும் சொல் பத்து சொல்லச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அகராதியும் இங்கே கைகொடுக்காது. அது முதல் எழுத்தை வைத்து அடுக்கிய புத்தகம். நடுவில் இருக்கும் எழுத்தைப் பிடித்துத் தேட அதில் வழி கிடையாது. ஆக, வழியை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

மேலே போகும் முன் ஒரு விஷயம். ஆங்கில எழுத்துகளின் பெயரைத் தமிழில் எழுதினால் சில எழுத்துகள் ஒன்று போலவே ஆகிவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் 'டீ' என்றால் டைகரின் முதல் எழுத்து, 'டி' என்றால் டாக்டரின் முதல் எழுத்து. 'பி' என்றால் எல்லா இடத்திலும் பேப்பரின் முதல் எழுத்து. சரி, தொடங்கலாம்.

கேள்வி எது?

'இந்த எழுத்துகள் உள்ள சொல்' என்று சொல்லும்போது நான்கு தனித்தனிக் கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். தேடல் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம்.

முதல் கேள்வி: இந்த எழுத்துகள் இருந்தால் போதும், கூட எது வந்தாலும் சரி. ஜே, எக்ஸ் இரண்டும் இருக்கும் சொல் வேண்டும் என்றால் 'ஜிங்க்ஸ்' சரி, 'ஜூக்பாக்ஸ்' சரி, 'ஜக்ஸ்டபோஸ்' கூடச் சரி.

இரண்டாவது: இந்த எழுத்துகளை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும். கையில் இருக்கும் பணத்துக்குள் குடும்பம் நடத்துவது போல. இருக்கும் எழுத்தில் சிலவற்றை விட்டுவிடலாம். இல்லாத எழுத்தைக் கடன் வாங்க முடியாது.

மூன்றாவது: இந்த எழுத்து இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும். குறுக்கெழுத்தில் ஐந்து கட்டம், இரண்டாவது கட்டத்தில் ஆர், கடைசியில் ஒய் என்று நிற்குமே, அது.

நான்காவது: எழுத்துகள் ஒட்டியே, அதே வரிசையில் வர வேண்டும். ஈ, ஏ, ஆர் மூன்றும் ஒட்டி வரும் சொல் என்றால் 'ஏர்லி' வரும், 'பேர்ல்' வரும், தேடுவதைச் சொல்லும் 'சர்ச்' வரும். 'கிரேட்' வராது. அதிலும் இந்த மூன்று எழுத்தும் இருக்கின்றன, ஆனால் ஆர் முந்திக்கொண்டு நிற்கிறது.

ஒவ்வொரு விளையாட்டும் இந்த நான்கில் ஒன்றிரண்டைக் கலந்து கேட்கிறது. ஸ்கிராபிளில் இரண்டாவதும் மூன்றாவதும் சேரும்: கையில் உள்ள ஏழு எழுத்து, அதோடு பலகையில் ஏற்கெனவே குந்தியிருக்கும் ஓர் எழுத்து. நியூயார்க் டைம்ஸின் 'ஸ்பெல்லிங் பீ'யில் ஏழு எழுத்துகள் தருவார்கள், நடுவில் இருக்கும் எழுத்து கட்டாயம் வர வேண்டும், சொல் குறைந்தது நான்கு எழுத்து நீளம் இருக்க வேண்டும். 'பாகிள்' விளையாட்டில் நாலுக்கு நாலாக 16 பகடைகள். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் எழுத்துகள் வழியாகத்தான் நடக்க வேண்டும், அதுவும் மூன்று நிமிடத்துக்குள்.

'வேர்டில்' இந்த விஷயத்தில் நல்ல பள்ளிக்கூடம். ஜோஷ் வார்டில் என்பவர் செய்து 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்ட விளையாட்டு. 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்டது. ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு முயற்சியிலும் நாம் போடும் சொல்லின் எழுத்துகளுக்கு நிறம் வரும். பச்சை வந்தால் அது மூன்றாவது கேள்வி, அதாவது எழுத்தும் சரி, இடமும் சரி. மஞ்சள் வந்தால் முதல் கேள்வியும் ஒரு மறுப்பும்: எழுத்து இருக்கிறது, இந்த இடத்தில் இல்லை. சாம்பல் என்றால் எழுத்து இல்லை. புதிதாக ஆடுபவர்கள் பச்சையை விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். மஞ்சளில் உள்ள மறுப்பை மறந்து அதே எழுத்தை அதே இடத்தில் மறுபடி போட்டு ஒரு வாய்ப்பை இழக்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்தை இரண்டு முறை போடலாமா? ஸ்கிராபிளில் ஒரு காய் ஒரு முறைதான். ஸ்பெல்லிங் பீயில் எத்தனை முறை வேண்டுமானாலும். வேர்டிலில் விடையிலேயே ஓர் எழுத்து இரண்டு முறை ஒளிந்திருக்கலாம். நீங்கள் இரண்டு ஈ உள்ள சொல்லைப் போட்டு, விடையில் ஒரே ஈ இருந்தால், ஓர் ஈக்கு நிறம் வரும், மற்றது சாம்பலாகும். அந்தச் சாம்பலைப் பார்த்து 'ஈயே இல்லை' என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

காது ஏமாற்றும் இடங்கள்

தமிழ் படித்து வளர்ந்தவர்களுக்கு என்று ஒரு தனித் தடை இருக்கிறது. தமிழில் எழுதிய எழுத்து எதையும் வாசிக்காமல் விடுவதில்லை. ஆங்கிலம் அப்படியில்லை. ஊமை எழுத்துகள் நிறைய. நாம் எழுத்தைத் தேடும்போது காதைத்தான் முதலில் அனுப்புகிறோம். காதுக்குக் கேட்காத எழுத்து எப்படி அகப்படும்?

கே உள்ள சொல் தேடிப் பாருங்கள். 'கைட்', 'கிங்', 'டேக்' என்று வரும். 'நைஃப்' வராது, 'நீ' என்கிற முழங்கால் வராது, முடிச்சுக்கான 'நாட்' வராது. மூன்றிலும் கே முதல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. டபிள்யூவும் இதே ரகம்: 'ரைட்', 'ரிஸ்ட்', 'ஆன்சர்', வாளைக் குறிக்கும் 'ஸோர்டு'. ஜி என்றால் 'சைன்', 'ஃபாரின்'. எச் என்றால் 'ரைம்', 'கோஸ்ட்', 'அவர்'. என் கூட 'ஆட்டம்', 'காலம்' என்று கடைசியில் ஒளிந்துகொள்கிறது. இலையுதிர் காலமும் தூணும்தான் சொல்கிறேன். 'ஐலண்ட்' நடுவில் ஓர் எஸ். 'ரிசீட்' நடுவில் ஒரு பி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. காதில் கேட்கும், எழுத்தில் இருக்காது. எஃப் தேடும்போது 'ஃபோன்' என்று மனம் துள்ளும். அங்கே பி-யும் எச்-உம்தான் இருக்கின்றன. 'லாஃப்', 'ரஃப்', 'இனஃப்' மூன்றும் ஜி-எச். இசட் தேடினால் 'மியூசிக்', 'ஈஸி', 'ரோஸ்' எல்லாம் இசட் ஓசையோடு வந்து நிற்கும், எழுத்தில் எஸ்தான். 'சைலஃபோன்' இன்னும் விசேஷம்: முதலில் கேட்பது இசட், எழுதுவது எக்ஸ், நடுவில் கேட்பது எஃப், எழுதுவது பி-எச்.

அதனால் நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எழுத்து கையில் வந்ததும் 'இது எங்கே எல்லாம் பேசாமல் இருக்கும்?' என்று ஒரு முறை கேட்டுக்கொள்வேன். ஊமை எழுத்துச் சொற்களை ஒரு நோட்டில் எழுத்துவாரியாகக் குறித்தும் வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத பட்டியல்கள்தான். எத்தனையோ ஆட்டங்களில் கைகொடுத்தவை அவை.

எழுத்துக்குத் துணை எழுத்து

ஆங்கில எழுத்துகள் எல்லோரோடும் சேர்ந்து உட்கார்வதில்லை. ஒவ்வொன்றுக்கும் பிடித்த அக்கம்பக்கம் உண்டு, பிடிக்காத இடமும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலச் சொல் வியில் முடிவது மிக அபூர்வம். 'ஹேவ்', 'கிவ்', 'லவ்' எல்லாவற்றிலும் பின்னால் ஓர் ஈ சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் பழைய எழுத்து வழக்கம். ஒரு காலத்தில் யூவும் வியும் இரண்டு எழுத்தாகவே பிரியவில்லை. ஒரே எழுத்து இரண்டு வேலையும் பார்த்தது. சொல்லின் கடைசியில் அது நின்றால் எந்த ஓசை என்று குழப்பம் வரும், ஈ வந்து தீர்த்து வைத்தது. விளையாட்டில் இதன் பயன்: கையில் வி இருந்தால் உடனே ஓர் ஈ இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கடைசியில் வைத்துவிட்டு முன்னால் என்ன பொருந்தும் என்று தேடுங்கள். 'கேவ்', 'டைவ்', 'ஸால்வ்', 'நெர்வ்' என்று வரிசையாக வரும். இரண்டெழுத்துச் சொல் எதிலும் வி கிடையாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிராபிளில் இடுக்கான இடத்தில் வியைச் செருகப் பார்த்து நேரம் வீணாக்க வேண்டாம்.

ஜேயும் கடைசியில் நிற்க விரும்பாது. அந்த ஓசை சொல்லின் முடிவில் வேண்டும் என்றால் ஆங்கிலம் டி-ஜி-ஈ என்று எழுதிவிடும்: 'ஜட்ஜ்', 'எட்ஜ்'. ஜே வேண்டுமென்றால் முன்னால் வைத்து, அடுத்து ஓர் உயிரெழுத்தைப் போட்டுப் பாருங்கள்.

எக்ஸ் நேர்மாறு. பெரும்பாலும் கடைசியில், இல்லாவிட்டால் ஈக்கு அடுத்தபடி இரண்டாவதாக: 'எக்ஸாம்', 'எக்ஸைல்', 'எக்ஸிட்'. எக்ஸ் எட்டுப் புள்ளி எழுத்து. ஆனாலும் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதே இல்லை. ஸ்கிராபிளில் ஐந்து உயிரெழுத்தில் எது இருந்தாலும் அதோடு இரண்டெழுத்துச் சொல் செய்துவிடலாம். ஏ, ஈ, ஓ மூன்றும் எக்ஸுக்கு முன்னால் வரும்; ஐ, யூ இரண்டும் பின்னால் வரும். எக்ஸ்-ஐ கிரேக்க எழுத்தின் பெயர், எக்ஸ்-யூ வியட்நாமின் பழைய சில்லறை நாணயம்.

இப்போது நம் க்யூ. ஆங்கிலத்தில் க்யூ கிட்டத்தட்ட எப்போதும் யூவோடு ஏன் வருகிறது? லத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்த வழக்கம் அது. பழைய ஆங்கிலத்தில் ராணிக்கான சொல்லை சி-டபிள்யூ போட்டுத்தான் எழுதினார்கள். பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தை ஆளத் தொடங்கிய பிறகு பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் அதை க்யூ-யூ என்று மாற்றினார்கள். ஆக, அந்த வழியாக வராத சொல்லுக்கு யூ தேவையில்லை. சீனம், அரபு, எபிரேயம் போன்ற மொழிகளிலிருந்து நேராக வந்த சொற்களில் க்யூ தனியாக நிற்கும். இதில் ராஜா 'க்யூ-ஐ' என்ற இரண்டெழுத்துச் சொல். 'சீ' என்று வாசிக்க வேண்டும், சீன மரபில் உயிராற்றல் என்று பொருள். க்யூ-ஏ-டீ, மெல்லும் இலையைத் தரும் ஒரு செடி. க்யூ-ஏ-என்-ஏ-டீ, நிலத்தடி நீர்க்கால்வாய். எஃப்-ஏ-க்யூ-ஐ-ஆர், நமக்குத் தெரிந்த பக்கீர்தான். இந்த நான்கை மட்டும் மனப்பாடம் செய்தாலே கட்டுரையின் தலைப்பில் இருக்கும் சங்கடம் பெருமளவு தீர்ந்துவிடும்.

இசட்டுக்கு இசட்-ஏ, ஜேக்கு ஜே-ஓ. இரண்டும் இரண்டெழுத்து, இரண்டும் ஸ்கிராபிளில் செல்லும்.

உயிரெழுத்தே இல்லாமல் மெய்யெழுத்தாகக் குவிந்துவிட்டால் ஒய்யைத் தேடுங்கள். 'ஜிம்', 'மித்', 'லிங்க்ஸ்', 'ஹிம்' என்கிற துதிப்பாட்டு, ஆறு எழுத்து 'ரிதம்'. ஒய்யும் இல்லையா? முனகலும் அதட்டலும் இருக்கின்றன: எச்-எம்-எம், எஸ்-எச்-எச், பி-எஸ்-எஸ்-டீ. இவை எல்லாம் அகராதியில் முறையாக இருக்கும் சொற்கள். வெல்ஷ் மொழியிலிருந்து வந்த சி-டபிள்யூ-எம் இன்னொன்று. மலைச்சரிவில் கிண்ணம் போலக் குழிந்த பள்ளத்தாக்கு என்று பொருள், டபிள்யூ அங்கே உயிரெழுத்தாக வேலை பார்க்கிறது. தலைகீழாக உயிரெழுத்துகள் மட்டும் நிறைந்துவிட்டால் 'ஆடியோ', 'அடியூ', 'ஈரி' ஆகியவை கையைக் காலி செய்ய உதவும். ஈ-ஏ-யூ என்று மூன்று உயிரெழுத்து மட்டுமே உள்ள சொல்லும் உண்டு, பிரெஞ்சில் தண்ணீர்.

எது அதிகம், எது குறைவு

ஸ்கிராபிளை உருவாக்கியவர் ஆல்ஃபிரெட் பட்ஸ், அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்திருந்த நேரம். எந்த எழுத்துக்கு எத்தனை காய் வைப்பது என்று தீர்மானிக்க அவர் நாளிதழ்ப் பக்கத்தை எடுத்து வைத்து எழுத்துகளை எண்ணினார். அந்த எண்ணிக்கைதான் இன்றும் பெட்டிக்குள் இருக்கிறது. மொத்தம் 100 காய்கள். அதில் ஈ 12, ஏவும் ஐயும் தலா 9, ஓ 8. க்யூ, இசட், ஜே, எக்ஸ், கே ஆளுக்கொன்றுதான். இரண்டு காய்கள் வெறுமையாக இருக்கும், எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் எஸ் மிகச் சாதாரணமான எழுத்து, ஆனாலும் நான்கே நான்கு காய்தான். நிறைய கொடுத்தால் எல்லோரும் பலகையில் உள்ள சொல்லுக்குப் பின்னால் எஸ் ஒட்டிப் பன்மையாக்கியே காலத்தை ஓட்டிவிடுவார்கள் என்பதால் குறைத்தார். ஸ்பெல்லிங் பீயிலும் எஸ் வருவதில்லை, கிட்டத்தட்ட இதே காரணம்.

பழைய லைனோடைப் அச்சுக்கோப்பு இயந்திரத்திலும் இந்த எண்ணிக்கை தெரியும். அதன் விசைகளை அடிக்கடி வரும் எழுத்து முதலில் என்ற கணக்கில் அடுக்கியிருந்தார்கள். முதல் நெடுவரிசையில் ஈ, டீ, ஏ, ஓ, ஐ, என். அடுத்ததில் எஸ், எச், ஆர், டி, எல், யூ. வரி பிழையாகிவிட்டால் அச்சுக்கோப்பவர் அந்த இரண்டு வரிசையையும் விரலால் ஒரே இழுப்பாக இழுத்து வரியை நிரப்பிவிடுவார், பிறகு அதைத் தூக்கி எறிய வேண்டும். எறிய மறந்த நாட்களில் இந்தப் பன்னிரண்டு எழுத்தும் அப்படியே செய்தித்தாளில் அச்சாகியிருக்கின்றன.

ஒன்று கவனியுங்கள். இது ஓடும் உரைநடையில் எண்ணிய கணக்கு. 'தி', 'தட்', 'திஸ்' என்று சில சொற்கள் உரைநடையில் ஆயிரம் தடவை வருவதால் டீயும் எச்-உம் மேலே ஏறிவிடுகின்றன. சொற்பட்டியலில் ஒரு சொல் ஒரு தடவைதான். அங்கே எச் கீழே இறங்கிவிடும். ஆர், எல் எல்லாம் மேலே வரும். வேர்டிலுக்கு முதல் சொல் தேர்ந்தெடுக்கும்போது பட்டியல் கணக்கைத்தான் நம்ப வேண்டும். ஈ, ஏ, ஆர், ஓ, டீ, எல், ஐ, எஸ், என், சி இவற்றிலிருந்து ஐந்தை எடுத்து ஒரு சொல் செய்தால் நல்ல தொடக்கம். 'கிரேன்', 'ஸ்லேட்' என்று பலர் தொடங்குவது இதனால்தான். 'அடியூ' போட்டு உயிரெழுத்துகளை முதலிலேயே தெரிந்துகொள்பவர்களும் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. உயிரெழுத்து தெரிந்தாலும் சொல் பிடிபடாது; சொல்லின் எலும்பு மெய்யெழுத்தில் இருக்கிறது.

ஏழு எழுத்தை உடைப்பது

கையில் ஏ, டி, ஈ, ஜி, ஐ, என், ஆர். ஏழையும் ஒரே சொல்லில் வைத்துவிட்டால் ஸ்கிராபிளில் 50 புள்ளி கூடுதல். இந்த ஏழையும் எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம் தெரியுமா? 5,040 விதம். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க யாராலும் முடியாது. பழகியவர்கள் அப்படிப் பார்ப்பதும் இல்லை. முதலில் ஒட்டுகளைக் கழற்றி ஓரமாக வைப்பார்கள்.

ஐ, என், ஜி மூன்றும் இருக்கின்றன. எடுத்து வலது ஓரத்தில் வையுங்கள். மீதி ஏ, டி, ஈ, ஆர். நான்கு எழுத்தைக் கலைத்துப் பார்ப்பது சுலபம்: 'டியர்', 'டேர்', 'ரீட்'. கிடைத்துவிட்டது, 'ரீடிங்'. இப்போது அதையே வேறு மாதிரி உடையுங்கள். இறந்த காலத்தைக் காட்டும் ஈ, டி இரண்டையும் கழற்றி ஓரமாக வையுங்கள். மீதி ஏ, ஜி, ஐ, என், ஆர். 'கிரெயின்' தெரிகிறதா? அதோடு ஈ-டி சேர்த்தால் 'கிரெயின்டு', மர ரேகை போல வரி விழுந்தது என்று பொருள். அதே ஏழு எழுத்து, இரண்டு ஏழெழுத்துச் சொற்கள். பலகையில் எது பொருந்துகிறதோ அதை வைக்கலாம்.

இப்படிக் கழற்ற உதவும் ஒட்டுகள் ஆங்கிலத்தில் நிறைய. பின்னால் வருபவை: ஈ-ஆர், ஈ-எஸ்-டீ, எல்-ஒய், டீ-ஐ-ஓ-என். முன்னால் வருபவை: ஆர்-ஈ, யூ-என், ஓ-யூ-டீ. கண்ணுக்கு ஓய்வு தர இன்னொரு வழி, காய்களை அவ்வப்போது கலைத்து வேறு வரிசையில் வைப்பது. பார்த்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதை ஒரு போலிச் சொல்லாகப் பழகிவிடும், அப்புறம் உடைப்பது கடினம். சிலர் வட்டமாக அடுக்குவார்கள். வட்டத்தில் தொடக்கமும் முடிவும் இல்லாததால் கண் எங்கேயும் சிக்கிக்கொள்ளாது.

ஒரு கண்ணி

வேர்டிலில் நான்கு பச்சை வந்தால் வெற்றி நிச்சயம் என்று தோன்றும். எஸ், எச், ஏ பச்சை, நான்காவது தெரியவில்லை, கடைசி ஈ பச்சை. எழுதிப் பாருங்கள்: 'ஷேட்', 'ஷேக்', 'ஷேல்', 'ஷேம்', 'ஷேப்', 'ஷேர்', 'ஷேவ்'. ஏழு சொற்கள்! கையில் நான்கு வாய்ப்பு மீதி என்றால் ஒவ்வொன்றாகப் போட்டுத் தோற்க எல்லா வழியும் இருக்கிறது.

இங்கே கேள்வியை மாற்ற வேண்டும். விடை எது என்று கேட்பதை விட்டு, டி, கே, எல், எம், பி, ஆர், வி ஆகிய ஏழு எழுத்தில் முடிந்த அளவு அதிகமாக உள்ள சொல் எது என்று கேளுங்கள். நான்காவது கேள்வியுமல்ல, மூன்றாவதுமல்ல. முதல் கேள்விக்கே திரும்பிப் போகிறோம். 'மாடல்' என்று போட்டால் எம், டி, எல் மூன்றும் ஒரே வீச்சில் சோதனையாகிவிடும். இந்த மூன்றில் எந்த எழுத்துக்கு நிறம் வருகிறதோ அதுதான் காணாமல் போன எழுத்து. மூன்றும் சாம்பல் என்றால் 'பெர்க்கி' போடுங்கள், அதில் பி, ஆர், கே இருக்கின்றன. அதுவும் இல்லையென்றால் மீதி இருப்பது வி மட்டும், 'ஷேவ்'. இரண்டு சோதனை, மூன்றாவது விடை. நான்கு வாய்ப்பில் ஒன்று மிச்சம். 'கடின முறை'யில் ஆடுபவர்களுக்கு மட்டும் இந்த வழி அடைபட்டுவிடும், கிடைத்த குறிப்புகளை ஒவ்வொரு முறையும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பது அங்கே விதி.

கருவிகள் உள்ளே என்ன செய்கின்றன?

எழுத்தைத் தட்டினால் சொற்களைக் கொட்டும் இணையக் கருவிகள் இன்று ஏராளம். மந்திரம் ஒன்றும் இல்லை, யோசனை மிக எளிது. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி அதை ஒரு சாவியாக வைத்துக்கொள்கின்றன. 'லிஸன்' என்ற சொல்லை அடுக்கினால் ஈ, ஐ, எல், என், எஸ், டீ. 'சைலன்ட்' அடுக்கினாலும் அதே. 'என்லிஸ்ட்', 'டின்சல்', 'இன்லெட்ஸ்' மூன்றுக்கும் அதே சாவி. நீங்கள் எழுத்துகளை எந்த வரிசையில் தட்டினாலும் கருவி அடுக்கிப் பார்த்து, அந்தச் சாவிக்கு எதிரே இருக்கும் ஐந்து சொற்களையும் எடுத்துத் தந்துவிடும். பழகிய ஸ்கிராபிள் ஆட்டக்காரர்கள் காய்களை அகரவரிசையில் அடுக்கிவைத்துப் பயிற்சி செய்வதும் இதே யோசனைதான்.

இடம் தெரிந்த எழுத்துகளுக்கு, தெரியாத இடத்தில் குறி போட வேண்டும். 'ஒன்லுக்' போன்ற தளங்களில் கேள்விக்குறி ஒன்று போட்டால் தெரியாத ஓர் எழுத்து. நட்சத்திரக்குறி போட்டால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் இருக்கலாம். லினக்ஸில் 'கிரெப்' கட்டளை கொண்டு சொற்பட்டியல் கோப்பில் தேடுபவர்கள் கவனிக்க வேண்டும்: அங்கே ஓர் எழுத்துக்குப் புள்ளி. நட்சத்திரத்துக்குப் பொருளே வேறு, அதற்கு முன்னால் உள்ளது எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம் என்று அர்த்தம். எத்தனை எழுத்தானாலும் சரி என்று சொல்ல, புள்ளியும் நட்சத்திரமும் சேர்த்துப் போட வேண்டும்.

கருவி எந்தச் சொற்பட்டியலை வைத்திருக்கிறது என்றும் பாருங்கள். வட அமெரிக்காவில் ஒரு பட்டியல்; உலகின் மற்ற பல நாடுகளில் காலின்ஸ் பட்டியல், சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் சொற்கள் கொண்டது. இசட்-ஓ என்ற சொல் காலின்ஸில் செல்லும், வட அமெரிக்கப் பட்டியலில் செல்லாது. வேர்டில், ஸ்பெல்லிங் பீ இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல். 'அகராதியில் இருக்கிறதே, ஏன் ஏற்கவில்லை?' என்ற கோபம் பெரும்பாலும் இதனால் வருவதுதான்.

எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்து ஆடும்போது கருவியைத் தொடக் கூடாது, அது அவருக்குச் செய்யும் துரோகம். ஆட்டம் முடிந்த பிறகு, கையில் இருந்த ஏழு எழுத்தை அப்படியே தட்டிப் பாருங்கள். எனக்குத் தெரிந்த இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களில் பாதி இப்படி ஆட்டம் முடிந்த பிறகு கிடைத்தவைதான். தோற்ற வலி ஆறுவதற்குள் பார்த்த சொல் மறப்பதே இல்லை.

தொடங்குபவர்களுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். ஏ, ஈ, எல், எஸ், டீ. ஐந்தையும் ஒவ்வொரு முறை மட்டும் பயன்படுத்த வேண்டும், எதையும் விடக் கூடாது. எல்லோருக்கும் தெரிந்த சொற்களே ஐந்து தேறும், ஒன்று பன்மைச் சொல். முதல் சொல்லை நான் சொல்லிவிடுகிறேன்: திருடு என்ற பொருளில் வரும் 'ஸ்டீல்'. மீதி நான்கும் உங்கள் நோட்டுக்கு.